வயதான கௌபாய்கள்: ஒரே ஒரு படம் பார்ப்பதானால் எது?

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களிடம் வைல்ட் வெஸ்ட் (கௌபாய் காலத்து அமெரிக்க மேற்கு) பற்றிப் பேச்செடுத்தால் டெக்ஸ் வில்லர், கூடவே நரைத்த தலையோடு வரும் கார்சன், தொப்பி, குதிரை, துப்பாக்கி என்று அரை மணி நேரம் ஓடும். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஹாலிவுட்டும் இந்த விஷயத்தில் நம்மைவிட மேல் என்று சொல்ல முடியாது. கௌபாய் என்பவர் மாதச் சம்பளத்துக்கு மாடு மேய்த்த கூலியாள் என்பதை எத்தனையோ வெஸ்டர்ன் படங்கள் மறந்தே போய்விட்டன.

வயதாகிப்போன கௌபாய்கள், அவர்களோடு சேர்ந்து மறையும் ஒரு வாழ்க்கை என்ற கருவில் 1960-களிலிருந்து நிறையப் படங்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருக்கிறது, எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்கள் துப்பாக்கிக்காரர்களின் படங்கள். 'தி வைல்ட் பன்ச்' (1969) வயதான கொள்ளையர்களின் கதை. 'தி ஷூட்டிஸ்ட்' (1976) புற்றுநோய் வந்த ஒரு துப்பாக்கி வீரரின் கடைசி நாட்கள். ஜான் வேயின் நடித்த கடைசிப் படமும் அதுதான். நான்கு ஆஸ்கர் வாங்கிய 'அன்ஃபர்கிவன்' (1992) படத்தின் நாயகன் பன்றி வளர்க்கும் பழைய கொலைகாரன். மூன்றும் நல்ல படங்கள்தான். ஆனால் இவற்றில் யாருக்கும் வேலை போவதில்லை. போவதெல்லாம் பேரும் கை வேகமும்தான். ஒரு தொழில் எப்படிச் செத்தது, அதைச் செய்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று பார்க்க விரும்புகிறவருக்கு இவை உதவாது.

அதனால் இங்கே எடுத்துக்கொள்வது மூன்று படங்கள்: 'ரைடு தி ஹை கன்ட்ரி' (1962), 'வில் பென்னி' (1968), 'மான்டி வால்ஷ்' (1970). முதலாவதின் நாயகர்கள் கௌபாய்கள் இல்லை, சட்டக் காவலர்களாக இருந்து ஓய்ந்தவர்கள். ஆனாலும் அதை விட்டுவிட முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படங்களுக்குள் போகும் முன் கொஞ்சம் வரலாறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. டெக்ஸாஸில் மாடுகள் மலிந்து கிடந்தன, வடக்கிலும் கிழக்கிலும் இறைச்சிக்கு நல்ல விலை. இடையில் ரயில் இல்லாத தூரத்தை மாடுகள் நடந்தே கடக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மாடுகளை மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு கேன்சஸ் மாநில ரயில் நிலையங்களுக்குப் போனவர்கள்தான் கௌபாய்கள். சம்பளம் மாதம் முப்பது, நாற்பது டாலர். குதிரை பெரும்பாலும் முதலாளியுடையது, சேணம் மட்டும் சொந்தம். அவர்களில் கணிசமானவர்கள் கறுப்பினத்தவரும் மெக்சிகரும். சுருக்குக் கயிறு வீசுவது முதல் அந்தத் தொழிலின் பாதி நுணுக்கங்கள் மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தவை. (நான் சொல்லப்போகும் மூன்று படங்களிலும் இந்த உண்மை ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்தப் புல்வெளி அதற்கு முன் யாருடையது என்பதும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே பார்ப்பது நல்லது.)

இந்த ஏற்பாடு இருபது சொச்சம் ஆண்டுகள்தான் ஓடியது. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த புல்வெளி துண்டு துண்டாக வேலிக்குள் போயிற்று. ரயில் பாதைகள் மாடு இருக்கும் இடத்துக்கே வந்துவிட்டன. கிழக்கத்திய, பிரிட்டிஷ் முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்ட, புல் தாங்காத அளவுக்கு மாடுகள் பெருகின. 1886-இல் வறண்ட கோடை, அதைத் தொடர்ந்து 1886-87-இன் கொடும் பனிக்காலம். மொன்டானா, வயோமிங், டகோட்டா பகுதிகளில் மந்தை மந்தையாக மாடுகள் பனியில் நின்றபடியே செத்தன. மந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு முதலாளி கடிதம் எழுதிக் கேட்டபோது, அங்கே வேலை பார்த்த சார்லஸ் ரஸ்ஸல் என்ற கௌபாய், எலும்பும் தோலுமாக நிற்கும் ஒற்றை மாட்டையும் அது விழக் காத்திருக்கும் ஓநாய்களையும் சின்னதாக வரைந்தார். பதிலாகப் போனது அந்தப் படம். ரஸ்ஸல் பிற்பாடு பெரிய ஓவியராகப் பேர் வாங்கினார். முதலாளிகள் கணக்கை முடித்துக்கொண்டார்கள். மிஞ்சிய பண்ணைகள் வேலி கட்டி, வைக்கோல் சேமித்து, குறைந்த ஆட்களோடு நடக்க ஆரம்பித்தன.

இப்போது 'ரைடு தி ஹை கன்ட்ரி'. சாம் பெக்கின்பா இயக்கியது. மூன்றில் சினிமாவாகச் சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூட ஓடும். வீணான காட்சி ஒன்று தேட வேண்டும். ஸ்டீவ் ஜட் என்ற முன்னாள் மார்ஷல் குதிரையில் ஊருக்குள் நுழைகிறார். தெருவின் இரு பக்கமும் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. தனக்குத்தான் என்று நினைத்துக் கூச்சத்தோடு தொப்பியைத் தொடுகிறார். கூட்டமோ ஒட்டகத்துக்கும் குதிரைகளுக்கும் நடக்கும் ஒரு பந்தயத்தைப் பார்க்க நிற்கிறது. சீருடை போட்ட போலீஸ்காரர் அவரை ஓரமாகப் போகச் சொல்கிறார். ஒரு மோட்டார் கார் அவர்மேல் ஏறப் பார்க்கிறது. காலம் மாறிவிட்டது என்பதை ஐந்து நிமிடத்துக்குள் சிரிக்க வைத்தே சொல்லி முடித்துவிடுகிறார் பெக்கின்பா.

ஜட்டுக்குக் கிடைக்கும் வேலை, மலைமேல் இருக்கும் சுரங்க முகாமிலிருந்து தங்கத்தை வங்கிக்குக் கொண்டுவருவது. ஒப்பந்தத்தைத் தனியாகப் படிக்க வேண்டும் என்று கழிவறைக்குள் போய்த்தான் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். சட்டையின் கை ஓரம் நைந்திருக்கிறது. ஜோயல் மெக்ரே இதையெல்லாம் எடுத்துக்காட்டாமல் நடித்திருப்பதுதான் அழகு. துணைக்கு வரும் பழைய நண்பர் கில், அதாவது ராண்டால்ஃப் ஸ்காட், அப்போது திருவிழாவில் ஒட்டு முடி வைத்துக்கொண்டு, பொய்யான மேற்கத்திய வீரராக வேஷம் கட்டிக் குறிபார்த்துச் சுடும் கடை நடத்திக்கொண்டிருக்கிறார். அதிலும் தில்லுமுல்லு. தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணத்தோடுதான் கூட வருகிறார். நேர்மையாக இருந்ததற்கு என்ன கிடைத்தது என்று கில் கேட்க, ஜட் சொல்லும் பதில் பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) கதையிலிருந்து வருகிறது: நீதிமானாக என் வீட்டுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான். பெக்கின்பாவின் அப்பா அடிக்கடி சொன்ன வாக்கியம் அது. ஸ்காட் இதற்கப்புறம் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

இந்தப் படம் ஏன் என் முதல் தேர்வு இல்லை? இங்கே முதுமை ஒழுக்கத்தின் கேள்வியாக இருக்கிறது. வயதான பிறகும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாயா என்பதுதான் கதை. உலகம் மாறியது பின்னணியில் வரும் ஒட்டகம், கார், போலீஸ் அளவோடு நின்றுவிடுகிறது. யார் மாற்றினார்கள், எதற்காக, அதில் யாருக்கு லாபம் என்ற பேச்சே கிடையாது. வெஸ்டர்ன் படமே பார்த்திராத ஒருவரை உட்கார வைக்க வேண்டுமென்றால் மட்டும் இதைப் போடுங்கள்; அவர் பாதியில் எழுந்து போக மாட்டார்.

'வில் பென்னி' வேறு ஜாதி. டாம் க்ரீஸ் எழுதி இயக்கியது. பழைய படங்களில் பென்-ஹரும் மோசேயுமாக நமக்குத் தெரிந்த சார்ல்டன் ஹெஸ்டன், ஐம்பதை நெருங்கும், எழுதப் படிக்கத் தெரியாத மாட்டுக்காரராக வருகிறார். மந்தைப் பயணம் முடிந்து எல்லோருக்கும் கணக்குத் தீர்க்கும் இடத்தில் படம் ஆரம்பிக்கிறது. இனி பனிக்காலம். வேலை இல்லை. போகிற வழியில் செத்துக் கிடக்கும் ஒரு ஆளைக் கண்டு, அவர் வேலை பார்த்த பண்ணைக்கு உடலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் வில். அங்கே அந்த ஆளின் வேலையே இவருக்குக் கிடைக்கிறது. கௌபாயின் பணிநிலைமை பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வேலை கொடுக்கும் மேஸ்திரியாக வரும் பென் ஜான்சன் நிஜத்திலேயே ஓக்லஹோமா கௌபாய். 1953-இல் ரோடியோவில், அதாவது கௌபாய் விளையாட்டுப் போட்டியில், கயிறு வீசுவதில் உலகச் சாம்பியன். அவர் குதிரைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே மற்ற நடிகர்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

வில்லுக்குக் கிடைப்பது பண்ணையின் எல்லையில், மலைக்குடிசையில் தனியாகப் பனிக்காலத்தைக் கழித்துக்கொண்டு, மாடுகள் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. குடிசைக்குப் போனால் அங்கே வழிகாட்டி ஏமாற்றிவிட்டுப் போன ஒரு பெண்ணும் அவளுடைய சிறு பையனும். வெளியாரைத் தங்கவிடக் கூடாது என்பது பண்ணையின் உத்தரவு. அதற்கப்புறம் நடப்பதில் காதலைவிட எனக்குப் பிடித்தது, அந்த ஆளுக்கு ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்றே தெரியாது என்பது. கிறிஸ்துமஸ் பாட்டு தெரியாது. வருஷத்துக்கு எத்தனை தடவை குளிப்பேன் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார். ஹெஸ்டனின் வழக்கமான கம்பீரம் இதில் மருந்துக்கும் இல்லை. ஜோன் ஹேக்கட் அந்தப் பெண்ணாக அழகுப் பதுமை ஆகாமல், களைத்த ஒரு மனுஷியாகவே நிற்கிறார்.

குறை ஒன்று உண்டு, சின்னதில்லை. டொனால்ட் பிளெசன்ஸ் கண்ணை உருட்டிக்கொண்டு வரும் பைத்தியக்காரப் போதகரும் அவருடைய மகன்களும். அவர்கள் வரும் போதெல்லாம் வேறு ஏதோ படத்தின் ரீல் கலந்துவிட்டதோ என்று தோன்றும். வேலை, குளிர், தனிமை இவை போதாது, வில்லனும் வேண்டும் என்று யாரோ வற்புறுத்தியது போல. அவர்களை வெட்டிவிட்டால் இந்தப் படத்தைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஒளிப்பதிவு லூசியன் பல்லார்ட். 'ரைடு தி ஹை கன்ட்ரி'யை எடுத்தவரும் அவர்தான். இரண்டிலும் கலிபோர்னியாவின் கிழக்கு சியரா மலைகள்தான், ஆனால் அதில் இலையுதிர்கால மஞ்சள், இதில் எலும்பைத் துளைக்கும் குளிர்.

சரி, 'மான்டி வால்ஷ்'. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தபின் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். மூன்றில் இது மிக நேர்த்தியான படம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இயக்கிய வில்லியம் ஃப்ரேக்கர் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். இது அவர் இயக்கிய முதல் படம். முதல் பாதி எங்கேயும் போகாமல் சுற்றும். நடுநடுவே 'மாமா காஸ்' என்று பேர் வாங்கிய பாடகியின் பாட்டு வேறு. ஜான் பேரி இசை, ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் போட்டவர்தான்.

கதை ஜாக் ஷேஃபரின் நாவலிலிருந்து வந்தது. மான்டியாக லீ மார்வின், அவருடைய கூட்டாளி செட் ஆக ஜாக் பாலன்ஸ். பாலன்ஸ் இதே ஷேஃபரின் இன்னொரு கதையான 'ஷேன்' படத்தில் (1953) கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு வரும் வில்லன். அந்த முகம் இதில் இவ்வளவு சாந்தமாகச் சிரிக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. இருவரும் மலையில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு ஊருக்கு இறங்கி வருகிறார்கள். பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. கொடும் பனியில் மாடுகள் போயின. இருந்த பண்ணைகளைக் கிழக்கே இருக்கும் ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. பழைய மேலாளருக்கே இப்போது கணக்குப்பிள்ளைகள்தான் எஜமானர்கள். இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார், ஆனால் எத்தனை நாளைக்கு என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் நீண்ட நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. கௌபாய்கள் தங்கும் கொட்டகையில் சீட்டாட்டம், சண்டை, குளிக்காத சமையல்காரரைப் பிடித்துக் குளிப்பாட்டுவது, குதிரை பழக்குவது. அவசரக்காரர்கள் இங்கேதான் பொறுமை இழப்பார்கள். தயவுசெய்து இழக்காதீர்கள். இவர்களுக்கு வீடு இல்லை, மனைவி இல்லை, சேமிப்பு இல்லை. இருப்பதெல்லாம் இந்தக் கொட்டகையும் இந்தக் கூட்டமும்தான். அது படத்தில் பதிந்த பிறகுதான் ஆட்குறைப்பு வருகிறது. கடைசியாகச் சேர்ந்தவர்கள், இளையவர்கள் முதலில் போகிறார்கள். அதில் ஒருவன் ஷார்ட்டி, குதிரை பழக்குவதில் கெட்டிக்காரன். அவன் வேறு எங்கேயும் வேலை கிடைக்காமல் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதிலிருந்துதான் படத்தின் வன்முறை பிறக்கிறது. துப்பாக்கி இதிலும் வெடிக்கும். ஆனால் வெடிக்க வைத்தது ஒரு சம்பளப் பட்டியல். இதனால்தான் இந்தப் படம் மற்ற இரண்டையும் தாண்டிப் போகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு தொழில் சாயும்போது அதை அண்டிப் பிழைத்தவர்களும் சாய்வார்கள் என்பதும் இதில்தான் இருக்கிறது. மான்டி நேசிக்கும் மார்ட்டீன், பிரெஞ்சு நடிகை ஜான் மோரோ, விடுதிப் பெண். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வரும் கௌபாய்கள் குறைந்ததால் அவளுக்கும் பிழைப்பு இல்லை. வேறு ஊருக்குப் போகிறாள். இருவரும் கல்யாணம் பற்றிப் பேசும் இடம் நடுத்தர வயதுக்காரர்களுக்கு மட்டும் புரியும் கூச்சத்தோடு எடுக்கப்பட்டிருக்கிறது. செட் வேறு முடிவெடுக்கிறார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்காருகிறார். காலம் முழுக்கக் கௌபாயாக யாரும் இருந்துவிட முடியாது என்று மான்டியிடம் சொல்வது அவர்தான். படம் இதைத் துரோகமாகக் காட்டாதது எனக்கு மிகவும் பிடித்தது. புத்திசாலித்தனமான முடிவு, அவ்வளவுதான்.

மான்டியால் முடியவில்லை. ஒரு ராத்திரி, யாராலும் அடக்க முடியாத சாம்பல் நிறக் குதிரைமேல் தனியாக ஏறிவிடுகிறார். குதிரை துள்ளித் துள்ளி வேலியை உடைத்து, கடைகளை உடைத்து, தெருவையே நாசமாக்குகிறது. மார்வின் கீழே விழவில்லை. யாருக்காகவும் காட்ட வேண்டியதில்லாத திறமை அது. அதற்கப்புறம் ஒரு வைல்ட் வெஸ்ட் ஷோ முதலாளி வருகிறார். பெயரை மாற்றிக்கொண்டு, பளபள உடை போட்டுக்கொண்டு, சர்க்கஸில் கௌபாயாக நடிக்க அழைக்கிறார். நல்ல சம்பளம். இது கற்பனை இல்லை. பஃபலோ பில் என்ற ஷோக்காரர் 1883-லேயே இந்த வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார், வேலை போன கௌபாய்கள் பலர் அதில் கௌபாயாக நடித்தே சாப்பிட்டார்கள். மான்டி அந்த உடையைப் போட்டுப் பார்க்கிறார். என் வாழ்க்கை மொத்தத்தின் மேலும் காறித் துப்ப மாட்டேன் என்று கழற்றி வைத்துவிடுகிறார்.

'ரைடு தி ஹை கன்ட்ரி'யில் கில் ஒட்டு முடியோடு நிற்பது இதே வேலையை ஏற்றுக்கொண்ட பிறகுதான். பெக்கின்பா அதை நகைச்சுவையாக்கி நகர்ந்துவிட்டார். ஃப்ரேக்கர் அங்கேயே நின்று, வேண்டாம் என்பதற்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுக்கிறான் என்று படம் முடியும் வரை பார்க்கிறார்.

'தி மிஸ்ஃபிட்ஸ்' (1961) எங்கே என்று சிலர் கேட்கலாம். நெவாடா பாலைவனத்தில் விமானமும் லாரியும் வைத்துக் காட்டுக் குதிரைகளைப் பிடித்து நாய்த் தீனிக்கு விற்கும் கௌபாய்கள். சம்பளத்துக்கு அடிமையாக மாட்டேன் என்ற வீறாப்புக்கு இதைவிடக் கசப்பான பதில் எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் கிளார்க் கேபிள், மர்லின் மன்றோ இருவருமே முழுதாக நடித்து முடித்த கடைசிப் படம் என்பதால் அதைப் பார்க்கும்போது கதையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டாவது, மூன்றாவது படமாகப் பார்க்கத் தோதானது.

யாருக்கு எது என்று கேட்டால், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க, கதை விறுவிறுவென்று போக வேண்டும் என்றால் 'ரைடு தி ஹை கன்ட்ரி'. அதில் சுரங்க முகாமில் நடக்கும் ஒரு கல்யாணக் காட்சி மட்டும் குழந்தைகளுக்கு ஆகாது. தனியாக, இரவில், போர்வைக்குள் உட்கார்ந்து பார்ப்பதற்கு 'வில் பென்னி'. போதகர் வரும்போது டீ போடப் போகலாம். ஆலை மூடியதையோ, கைத்தொழில் ஒன்று படுத்ததையோ பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், அல்லது விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே அனுப்பப்பட்டவர்கள், நேராக 'மான்டி வால்ஷ்' பக்கம் போய்விடலாம். முதல் நாற்பது நிமிடம் மட்டும் போனைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே பெயரில் 2003-இல் டாம் செல்லெக், இசபெல்லா ரோஸெல்லினி நடித்துத் தொலைக்காட்சிக்காக எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது. மோசமில்லை, குதிரைகளும் நிலமும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் செல்லெக்கைப் பார்த்தால் அடுத்த வாரமே எங்காவது வேலை கிடைத்துவிடும் என்று தோன்றும். லீ மார்வின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.